தாராவிப் பட்டறைக்கு எதற்குத் தொடர்ச்சித் திட்டம்?

தோல்பை_தாராவி:
ஏற்றுமதி செய்யும் ஒரு பெரிய நிறுவனத்துக்குப் பைகள் தைத்துக் கொடுக்கிறோம். பதினான்கு பேர் வேலை பார்க்கும் பட்டறை. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க ‘தொழில் தொடர்ச்சித் திட்டம்’ எழுதித் தர வேண்டுமாம். வெள்ளம் வந்தால் என்ன செய்வீர்கள், தீப்பிடித்தால் என்ன செய்வீர்கள், எத்தனை மணி நேரத்தில் மறுபடி வேலை தொடங்கும் என்று பக்கம் பக்கமாகக் கேள்வி. நிரப்பிக் கொடுக்க ஒரு ஆலோசகர் நாற்பதாயிரம் கேட்கிறார். வெட்டிச் செலவு என்கிறேன். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டியது. மித்தி ஆறு பொங்கி அப்பாவின் பட்டறையில் இடுப்பளவு தண்ணீர். அப்போது யாரிடம் திட்டம் இருந்தது? தெரிந்தவர் இரண்டு மெஷின் கொடுத்தார், தோல் வியாபாரி பாக்கியைக் கேட்காமல் விட்டார், பட்டறை ஓடியது. இந்த ஊரில் பழக்கவழக்கம்தான் திட்டம்.

செம்பூர்_ரிஸ்க்:
வங்கியில் இடர் மேலாண்மைப் பிரிவில் இருக்கிறேன், அதனால் என் பக்கச் சாய்வைக் கழித்துக்கொண்டே படியுங்கள். அண்ணாச்சி, அதே நாளில் கொலாபாவில் பெய்தது 73 மில்லிமீட்டர்தான். ஒரே ஊர்! மெஷின் கொடுத்தவரின் பட்டறையும் மூழ்கியிருந்தால் உங்கள் பழக்கவழக்கம் என்ன செய்திருக்கும்? எந்த ஆபத்து வரும் என்று ஜோசியம் சொல்லச் சொல்லவில்லை. எது நின்றால் வேலை நிற்கும் என்றுதான் கேட்கிறார்கள். தோல் வெட்டும் அச்சுகளும் (டை) மாதிரி அட்டைகளும் எத்தனை செட் இருக்கின்றன? ஒன்றுதான் என்றால் இன்னொன்றை வேறு பேட்டையில் வையுங்கள். டேலி கணக்கு மென்பொருளின் பேக்கப் அதே மேஜை டிராயரில் இருந்தால் அது பேக்கப்பே இல்லை.

தோல்பை_தாராவி:
பெரிய இடத்துக் கதையை நான் சொல்லவா தம்பி? தேசியப் பங்குச்சந்தைக்கு, முதன்மை மையம் நின்றுபோனால் வேலையை எடுத்துக்கொள்ளச் சென்னையில் மாற்று மையம் இருக்கிறது. கோப்பு, குழு, ஆடிட் எல்லாம் உண்டு. 2021 பிப்ரவரி 24 அன்று முற்பகல் 11.40க்கு வர்த்தகம் நின்றது, திரும்பத் தொடங்கியபோது மாலை 3.45. சென்னைக்கு மாறவே இல்லை. அவ்வளவு செலவு செய்தவர்களுக்கே அந்தக் கதி. நான் நாற்பதாயிரத்துக்குக் காகிதம் வாங்கி என்ன செய்ய?

செம்பூர்_ரிஸ்க்:
சரி, அது நல்ல உதாரணம், ஆனால் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். மாற்று மையம் இருந்தும் மாறவில்லை என்றால் தவறு மையத்தில் இல்லை, ‘இப்போது மாறு’ என்ற முடிவில் இருக்கிறது. அதன் பிறகு பங்குச்சந்தைகளைக் கண்காணிக்கும் செபி விதிகளை இறுக்கியது. 2024 மார்ச் 2, சனிக்கிழமை. விடுமுறை நாளில் சந்தையைத் திறந்து, காலையில் முதன்மை மையத்தில் கொஞ்ச நேரம், அப்புறம் மாற்று மையத்தில் கொஞ்ச நேரம் என்று உண்மையான வர்த்தகமே நடத்திப் பார்த்தார்கள். நீங்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேக்கப்பை வேறு கம்ப்யூட்டரில் ஏற்றிப் பாருங்கள். திறக்கிறதா என்று அன்றைக்குத் தெரிந்துவிடும். அதற்கு ஆலோசகர் வேண்டாம்.

மாட்டுங்கா_பையன்:
ரிஸ்க் சார், பாடம் போதும். இன்ஷூரன்ஸ் எடுத்துவிட்டால் முடிந்தது.

கணக்கு_அக்கா_சயான்:
முடியாது தம்பி. சாதாரணத் தீக் காப்பீடு எரிந்த பொருளுக்குத்தான் பணம் தரும். பட்டறை மூடிக்கிடந்த மாதங்களில் இழந்த லாபத்துக்குத் தனிப் பாலிசி உண்டு. அதுவும் பொதுவாகப் பொருள் சேதம் நிரூபணமானால்தான் கொடுக்கும். 2020 ஊரடங்கில் எந்த மெஷினும் எரியவில்லை, எந்தச் சுவரும் இடியவில்லை. கையில் எதுவும் வரவில்லை.

இன்னொன்று. நீங்கள் இருவரும் மழையையே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். சின்னத் தொழில்களின் கணக்குப் பார்க்கிறவள் நான், வெள்ளத்தில் மூழ்கியவர்களைவிட முதலாளி படுத்ததால் மூழ்கியவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். அண்ணாச்சி, உங்கள் பட்டறை தனியுரிமைத் தொழில்தானே, அதாவது உங்கள் ஒருவர் பெயரில் மட்டும்? வங்கி ஓடிபி, ஜிஎஸ்டி ஓடிபி, சரக்கை அனுப்ப எடுக்கும் இ-வே பில் ஓடிபி எல்லாம் உங்கள் ஒரே கைப்பேசிக்குத்தானே வருகின்றன? லோக்கல் ரயிலில் அது திருடுபோனால் அன்று லோடு கிளம்பாது. உங்களுக்கே ஏதாவது ஆகிவிட்டால் இன்னும் மோசம். நடப்புக் கணக்கு முடங்கும், சனிக்கிழமைக் கூலி நிற்கும். பவர் ஆஃப் அட்டர்னி கொடுத்திருக்கிறேன் என்பீர்கள், அது உங்கள் உயிரோடு முடிந்துபோகும். ஜிஎஸ்டி பதிவை வாரிசு புதிதாக எடுத்து, பழைய பதிவில் மீதியிருக்கும் உள்ளீட்டு வரி வரவை அதற்கு மாற்ற வேண்டும். அதற்குள் சீசன் போய்விடும். கணக்கில் நாமினி போடுங்கள். இ-வே பில் தளத்தில் மேஸ்திரியைத் துணைப் பயனராகச் சேருங்கள், அவருடைய எண்ணுக்கே ஓடிபி போகும். மகனையோ தம்பியையோ சேர்த்து எல்எல்பியாக (வரையறுக்கப்பட்ட பொறுப்புள்ள கூட்டு நிறுவனமாக) மாற்றினால் நல்லது, செலவு கொஞ்சம் ஆகும்.

தோல்பை_தாராவி:
அக்கா சொன்னது வேறு விஷயம், அது வீட்டுக்காரியம். நாமினி, ஓடிபி இரண்டையும் இந்த வாரமே பார்க்கிறேன். ஆனால் படிவத்தில் ‘48 மணி நேரத்தில் மீண்டும் உற்பத்தி’ என்று எழுதச் சொல்கிறார்கள். தண்ணீர் வடியவே மூன்று நாள் ஆகிற இடத்தில் அதை எப்படி எழுதுவது?

செம்பூர்_ரிஸ்க்:
எழுதாதீர்கள். பத்து நாள் என்றால் பத்து நாள் என்றே எழுதுங்கள். வாங்குகிறவர் அந்தப் பத்து நாளுக்குச் சரக்கு இருப்பு வைத்துக்கொள்ளட்டும். அதற்காகத்தானே கேட்கிறார்கள்.

மாட்டுங்கா_பையன்:
பத்து நாள் என்று எழுதினால் ஆர்டர் அடுத்த சந்துக்குப் போகும். எல்லோரும் 48 என்றுதான் எழுதுகிறார்கள். நீங்களும் எழுதிவிட்டுப் போங்கள் அண்ணாச்சி.

கணக்கு_அக்கா_சயான்:
எழுதும் முன் ஒப்பந்தத்தை ஒருமுறை பாருங்கள். இந்தப் படிவத்தை அதன் இணைப்பாகச் சேர்த்திருந்தால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் அபராதம் போட அந்த 48 போதும். அபராதப் பிரிவை மட்டும் இங்கே போடுங்கள், நிறுவனத்தின் பெயர் வேண்டாம். படித்துவிட்டுச் சொல்கிறேன்.