கல்லூரியில் படித்துக்கொண்டே பங்கில் களப்பணி செய்ய வரும் மாணவர்களை எப்படி ஆயத்தப்படுத்துவது?

கேள்வி: மறைக்கல்விப் பொறுப்பாளர், காரைக்குடி

அனைவருக்கும் வணக்கம். காரைக்குடியை அடுத்த ஒரு கத்தோலிக்கப் பங்கில் (ஒரு கோவிலைச் சார்ந்த இறைமக்கள் வட்டாரம்) மறைக்கல்விப் பொறுப்பில் இருக்கிறேன். கிளைக்கிராமங்களிலிருந்து பட்டப்படிப்புக்காக வரும் மாணவர்கள் சிலருக்கு எங்கள் பங்கு தங்குமிடமும் கல்லூரிக் கட்டணத்தில் ஒரு பகுதியும் கொடுத்து வருகிறது. அதற்கு ஈடாக என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனாலும் அவர்கள் ஓராண்டு இங்கே இன்டர்ன்களாக இருந்து, ஞாயிறு மறைக்கல்வி, முதியோர் சந்திப்பு, கிளைக்கிராமத்துப் பிள்ளைகளுக்கான மாலை வகுப்பு ஆகியவற்றில் உதவ வேண்டும் என்பது ஏற்பாடு.

வருகிற ஜூனில் இரண்டு மாணவியரும் இரண்டு மாணவர்களுமாக நான்கு பேர் சேர்கிறார்கள். எல்லாரும் இரண்டாம் ஆண்டு இளங்கலை. சென்ற ஆண்டு சேர்ந்த நால்வரில் இருவர் பொங்கலுக்கு ஊருக்குப் போனவர்கள் திரும்பவே இல்லை. ஒருவருக்கு மூன்று பாடங்களில் அரியர் விழுந்தது. குறை அவர்களுடைய ஆர்வத்தில் இல்லை என்பது எனக்கு உறுதியாகத் தெரியும். ஆயத்தப்படுத்தியதில்தான் எங்கோ பிழை நேர்ந்திருக்கிறது.

பணி தொடங்கும் முன் பத்து மாலைகள் கையில் இருக்கின்றன. நான்கு மாலை விவிலியம், இரண்டு மாலை திருவழிபாடு, ஒரு மாலை பேச்சுப் பயிற்சி, மற்றவை பாட்டும் விளையாட்டும் என்று ஒரு திட்டம் எழுதி வைத்திருக்கிறேன். எழுதியதை மறுபடி படித்துப் பார்த்தால், சென்ற ஆண்டும் ஏறக்குறைய இதையேதான் செய்திருக்கிறோம் என்று தெரிகிறது. இந்தப் பத்து மாலைகளில் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி 1: முன்னாள் இன்டர்ன், தேவகோட்டை

வணக்கம் அம்மா. பத்து ஆண்டுகளுக்கு முன் உங்கள் மாணவர்களைப் போலவே இயற்பியல் படித்துக்கொண்டு ஒரு பங்கில் தங்கியிருந்தவன் நான். இப்போது பள்ளி ஆசிரியராக இருக்கிறேன். நான் இருந்த பங்கின் பெயர் இங்கே தேவையில்லை. அங்கிருந்தவர்கள் யாரும் கெட்டவர்களும் அல்லர்.

எனக்கு வேலை சொன்னவர்கள் ஐந்து பேர். பங்குத்தந்தை அலுவலகப் பதிவேடுகளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். உபதேசியார் (பங்குத்தந்தைக்குத் துணையாக இருந்து மறைக்கல்வி கற்பிப்பவர்) கிளைக்கிராமங்களுக்குத் துணைக்கு அழைத்தார். பாடகர் குழுத் தலைவருக்குக் கீபோர்டு தூக்க ஆள் வேண்டியிருந்தது. இளையோர் இயக்கத்துக்குச் சுவரொட்டி எழுத வேண்டும். சகோதரிகள் நடத்திய மாலை வகுப்புக்குக் கணக்கு வாத்தியார் இல்லை. ஒவ்வொருவரும் கேட்டது வாரத்துக்கு இரண்டு மணி நேரந்தான். அந்த இரண்டு மணி நேரத்தை மற்ற நால்வரும் கேட்டிருக்கிறார்கள் என்பது அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஒரு மாணவரிடம் ஆண்டு முழுவதற்கும் எதிர்பார்க்கப்படுவது 120 மணி நேரம். நான் குறித்து வைத்திருந்த கணக்கின்படி செப்டம்பர் பாதிக்குள் அதைத் தாண்டிவிட்டேன். அதற்கு வருகைப்பதிவிலிருந்து கழிவும் கிடைக்கவில்லை, சான்றிதழும் இல்லை. பருவத்தேர்வு எழுத 75 விழுக்காடு வருகை வேண்டும் என்ற விதி எனக்குத் தெரியாததன்று. தெரிந்தும் ‘முடியாது, ஃபாதர்’ என்று சொல்ல நாக்கு எழவில்லை. கட்டணம் கட்டியவரிடம் எப்படிச் சொல்வது?

ஆகவே என் கருத்து இதுதான்: ஆயத்தப்படுத்த வேண்டியவர்கள் வருகிற நால்வருக்கு முன்பாக, அவர்களுக்கு வேலை சொல்லப் போகிறவர்கள். முதல் மாலைக்கு மாணவர்களை அழைக்க வேண்டாம். உபதேசியாரையும் பாடகர் குழுத் தலைவரையும் பங்குப் பேரவையினரையும் உட்கார வைத்து, கல்லூரி நாட்காட்டியை மேசைமேல் விரித்துப் போடுங்கள். நவம்பர், ஏப்ரல் பருவத்தேர்வுகளுக்கு முந்தைய மூன்று வாரங்களைச் சிவப்பு மையால் அடைத்துவிடுங்கள். அகமதிப்பீட்டுத் தேர்வுகளையும் மறக்க வேண்டாம். நம் கல்லூரிகளில் வழக்கமாக 100க்கு 25 மதிப்பெண் அங்கேதான் இருக்கிறது, அந்தத் தேர்வு நாளில்தான் யாராவது திருமண வீட்டுக்குப் பந்தல் கட்ட ஆள் கேட்பார்கள்.

அதன்பின் வேலை சொல்லும் உரிமை ஒரே ஒருவருக்குத்தான் என்று முடிவெடுங்கள். அவர் நீங்களாகவே இருக்கலாம். மற்றவர்களுக்கு ஆள் வேண்டுமென்றால் உங்களிடம் கேட்கட்டும். இல்லை என்று சொல்லும் சுமை இருபது வயதுப் பிள்ளையின் தலையில் விழக் கூடாது. இன்னொன்று: கட்டண உதவியைப் பங்கே நேராகக் கல்லூரியில் செலுத்திவிட வேண்டும், அதுவும் பருவத் தொடக்கத்திலேயே. மாதாமாதம் கையில் கொடுத்தால், கொடுக்கிற ஒவ்வொரு முறையும் ‘அந்த வேலை என்னாச்சு?’ என்ற கேள்வியும் கூடவே வரும்.

மறுமொழி 2: ஒரு துறவற சகோதரி

முன்னவர் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். நான் சொல்ல விரும்புவது வீட்டுச் சந்திப்பையும் பிள்ளைகளையும் பற்றியது; இவ்விரண்டுக்கும் உங்கள் திட்டத்தில் ஒரு மாலைகூட இல்லை.

செட்டிநாட்டு ஊர்களில் முதியோர் சந்திப்பு என்றால் என்ன என்பது உங்களுக்கே தெரியும். பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, ஒரு தெருவிலிருந்து மறு தெரு வரை நீளும் வீட்டில் ஓர் ஆச்சி தனியாக இருப்பார். கிறிஸ்தவரல்லாதவராக இருந்தாலும், மாத்திரை வாங்கிக் கொடுக்கவும் பேச்சுத்துணைக்கும் நம் பிள்ளைகளை வரச் சொல்லுவார். முகப்பிலோ பட்டாலையிலோ (வந்தவர்களை உட்கார வைக்கும் முன்பகுதிகள்) உட்காரச் சொன்ன இடத்தில் உட்கார வேண்டும். அழைக்காமல் வளவுக்குள், அதாவது வீட்டின் உட்பகுதிக்குள், கால் வைக்கக் கூடாது. இருவராகத்தான் போக வேண்டும். பலகாரம் கொடுத்தால் மறுக்கக் கூடாது, கை நனைக்காமல் எழுந்தால் ஆச்சியின் மனம் கோணும். துண்டுப் பிரசுரம் எதையும் அங்கே எடுத்துச் செல்லக் கூடாது. அந்த வீட்டில் முன்னோருக்குப் படைப்பு நடக்கிறது, நாம் போவது மாத்திரை கொடுக்க. இவையெல்லாம் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரிந்ததுதானே என்று நினைக்காதீர்கள். கிராமத்தில் எந்த வீட்டுக்குள்ளும் ஓடிப் பழகிய பிள்ளைகளுக்கு இது புதிது.

பணம்தான் பெரிய இடறல். பழகிவிட்டால் ஆச்சி ஏடிஎம் அட்டையைக் கொடுத்து, நான்கு இலக்க எண்ணையும் சொல்லி, ‘ஐயாயிரம் எடுத்துட்டு வா தம்பி’ என்பார். அது நம்பிக்கையின் அடையாளம். எனினும் மறுக்க வேண்டியது. பிறகு என்றாவது கணக்கு இடித்தால் பழி யார்மேல் வரும்? ‘வாங்க ஆச்சி, நானே உங்களை வங்கிக்கு அழைத்துப் போகிறேன்’ என்று சொல்லும் பழக்கத்தை முதல் மாலையிலேயே நடித்துக் காட்டிப் பயிற்றுங்கள்.

அடுத்தது மாலை வகுப்பு. பதினெட்டு வயதுக்கு உட்பட்ட எவரும் சட்டப்படி குழந்தையே. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், 19ஆம் பிரிவின்படி, பாலியல் குற்றம் நடந்திருப்பதை அறிந்தவர் யாராயினும் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்கிறது. தெரிவிக்கத் தவறினால் 21ஆம் பிரிவின்படி தண்டனை உண்டு, ஒரு நிறுவனத்துக்குப் பொறுப்பானவர் மறைத்தால் தண்டனை இன்னும் கூடுதல். நம் இன்டர்ன்களுக்கு இது தெரியாது. ஒரு சிறுமி, ‘அக்கா, யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்தால் ஒன்று சொல்கிறேன்’ என்பாள். அக்காவும் இரக்கப்பட்டுச் சத்தியம் செய்துவிடுவாள். பாவசங்கீர்த்தனத்தில் (குருவிடம் பாவங்களை அறிக்கையிடுவது) கேட்டதை எந்தக் காரணத்தாலும் வெளியிடக் கூடாது என்னும் கட்டுப்பாடு குருவுக்கு உரியது. தங்களையும் அதே கட்டுப்பாட்டில் இருப்பவர்களாக இந்தப் பிள்ளைகள் எண்ணிக்கொள்கிறார்கள். ஆகவே சொல்ல வேண்டிய வாக்கியத்தை மனப்பாடமே செய்ய வைக்கிறேன்: ‘சத்தியம் செய்ய முடியாது கண்ணே, உனக்கு ஆபத்து என்றால் சிஸ்டரிடம் சொல்வேன், சொல்லும் முன் உன்னிடம் சொல்லிவிடுவேன்.’ அவர்கள் துருவித் துருவிக் கேட்கவும் கூடாது. கேட்டதை அன்றைக்கே பொறுப்பாளரிடம் சொல்ல வேண்டும்; காவல்துறைக்குத் தெரிவிக்கும் கடமை அவர்களுக்கும் உண்டு என்பதால், பொறுப்பாளர் அவர்களோடு காவல்நிலையம் வரை நடக்க வேண்டும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை வகுப்பறைச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள்.

மறுமொழி 3: குன்றக்குடியிலிருந்து

நான் கிறிஸ்தவன் அல்லன்; நகரத்தார் வீட்டைச் சேர்ந்தவன். தைப்பூசத்துக்குக் குன்றக்குடியில் கூடிப் பழனிக்கு நடக்கும் காவடிக் கூட்டத்துக்கு எங்கள் குடும்பம் வழியில் அன்னதானம் செய்கிறது. கல்லூரிப் பிள்ளைகள் சிலர் எங்களோடு தொண்டு செய்ய வருவார்கள். புதிதாக வருகிறவனுக்கு முதல் ஆண்டு தண்ணீர் வாளி மட்டுமே கொடுப்போம். மூத்தவர் ஒருவருடைய இடப்பக்கம் நின்று ஊற்ற வேண்டும். கொப்புளத்துக்கு மருந்து போடுவதோ வழி சொல்வதோ அவன் வேலையன்று. அந்த வாளியோடு நிற்கும்போதே யார் எப்படிப் பேசுகிறார்கள், யார் எப்போது களைக்கிறார்கள் என்பதெல்லாம் அவன் கண்ணில் பட்டுவிடும். கல்லூரிக்கு விடுப்புக் கடிதத்தை மார்கழியிலேயே எழுதி வாங்கிவிடுவோம். உங்கள் பத்து மாலைகளில் ஐந்தையாவது இப்படிப் பக்கத்தில் நிற்பதற்கு விட்டுவிடலாம் என்று தோன்றுகிறது.

மறுமொழி 4: ஓய்வுபெற்ற உபதேசியார்

தேவகோட்டைத் தம்பி எழுதியதில் எனக்கு ஒரு மறுப்பு உண்டு. சிவப்பு மையால் அடைத்து வைத்த வாரத்தில் சாவு வராதா? நாற்பது ஆண்டுகள் உபதேசியாராக இருந்தவன் சொல்கிறேன்: நான் கற்றதில் முக்கால்வாசி, இரவு பதினொரு மணிக்கு யாராவது வந்து, ‘சாமியைக் கூட்டிட்டு வாங்க, அப்பாவுக்கு முடியலே’ என்று நின்ற வேளைகளில் கற்றது. நேரம் பார்த்துச் செய்வதற்குப் பணி என்று பெயரில்லை. அதற்கு டியூட்டி என்று பெயர்.

ஆயினும் மூன்று பாடத்தில் அரியர் விழுந்த பிள்ளையின் தாய்க்கு நான் என்ன பதில் சொல்வேன் என்று யோசித்தால், தம்பி சொல்வதும் சரியாகத்தான் படுகிறது. ஒரு வழி சொல்கிறேன். நால்வருக்கும் முறை வைத்து, தேர்வு இல்லாத காலத்தில், ஒருவருக்கு ஒரு வாரம் என்று துக்க வீட்டுக்கு உபதேசியாரோடு அனுப்புங்கள். அந்த வாரத்தில் மட்டும் இரவிலும் கூப்பிடலாம். மற்ற மூவரும் தூங்கட்டும்.

துக்க வீட்டில் செய்ய வேண்டியதைச் சொல்லிக் கொடுக்கவும் ஒரு மாலை வேண்டும். முதலில், அந்த வீட்டில் முடிவெடுப்பவர் யார் என்று கண்டுபிடிக்க வேண்டும். அழுகிறவர்களிடம் அடக்கத் திருப்பலிக்கு நேரம் கேட்கக் கூடாது. தாய்மாமன் வந்துவிட்டாரா என்று தெரியாமல் நேரத்தை உறுதி செய்யவும் கூடாது. ‘கடவுள் சித்தம்’ என்று இருபது வயதுப் பையன் ஆறுதல் சொன்னால் கேட்கிறவர்களுக்குக் கோபந்தான் வரும். நாற்காலியை எடுத்துப் போடு, வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடு, செபமாலை தொடங்கினால் கூடச் சேர்ந்து சொல். இன்னொன்றும் சொல்லி வையுங்கள். கிராமத்தில் குருவைச் ‘சாமி’ என்பது போல, சிலர் பாசத்தால் நம் பையன்களைச் ‘சின்னச் சாமி’ என்று கூப்பிடுவார்கள்; கேட்க இனிப்பாகத்தான் இருக்கும். ‘நான் படிக்கிற பையன் பாட்டி, பேர் சொல்லிக் கூப்பிடுங்க’ என்று அன்றைக்கே திருத்திவிட வேண்டும்.

மறுமொழி 5: முன்னாள் இன்டர்ன், தேவகோட்டை

உபதேசியார் ஐயா சொல்லும் முறைவைப்பை முழு மனத்தோடு ஏற்கிறேன்; எனக்கு அப்படி ஒரு வாரம் முறை வந்திருந்தால் நானும் மகிழ்ந்து போயிருப்பேன். ஒரு சேர்க்கை மட்டும்: வாரத்துக்கு ஒரு பக்கம் குறிப்பேடு எழுதச் சொல்லுங்கள். பெல்ஜிய நாட்டுக் குருவான கார்டைன் இளம் தொழிலாளர்களுக்குக் கற்றுக்கொடுத்த பார், ஆராய், செயல்படு என்னும் முறையே போதும்: என்ன பார்த்தேன், அது ஏன் அப்படி இருக்கிறது, அடுத்த முறை என்ன செய்வேன். அதைத் திருத்த வேண்டாம், மதிப்பெண் போட வேண்டாம். மாதம் ஒருமுறை நால்வரும் சேர்ந்து உட்கார்ந்து தாங்கள் விரும்பியதை மட்டும் படிக்கட்டும். கூடவே அந்த வாரம் பங்கில் செலவழித்த மணி நேரத்தையும் பக்கத்தின் அடியில் எழுதட்டும். எட்டுக்கு மேல் போனால் நீங்கள் பாடகர் குழுத் தலைவரிடம் பேச வேண்டியிருக்கும்.

கேள்வி கேட்டவர்: மறைக்கல்விப் பொறுப்பாளர், காரைக்குடி

எல்லாருக்கும் நன்றி. திட்டத்தைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதியிருக்கிறேன். முதல் மாலை, வேலை சொல்கிறவர்களுக்கு. பங்குத்தந்தையும் வர ஒப்புக்கொண்டார், கட்டணத்தைப் பருவத் தொடக்கத்திலேயே கல்லூரியில் செலுத்துவதற்கும் இசைந்தார். இரண்டாம் மாலை ஏடிஎம் அட்டையும் சத்தியமும். சகோதரி எழுதிய வாக்கியத்தை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். மூன்றாவது துக்க வீடு. விவிலியத்தை இரண்டு மாலையாகச் சுருக்கினேன், இதற்கு எங்கள் பேரவையில் ஒருவர் வருத்தப்படுவார். மற்ற ஐந்து மாலைகளிலும் வகுப்பே கிடையாது: ஒவ்வொருவரும் ஒரு மூத்தவருக்குப் பக்கத்தில் வாளியோடு நிற்கட்டும்.

முட்டுகிற இடம் ஒன்று இருக்கிறது. 1693இல் புனித அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) தலை வெட்டுண்ட ஓரியூரில், பிப்ரவரி 4 அன்று அவருடைய திருவிழா. எங்கள் பங்கிலிருந்து நடந்து போகும் கூட்டத்துக்கு இளையவர்கள் துணை வேண்டும் என்று பேரவை இப்போதே கேட்கிறது. அந்த வாரத்தில் அகமதிப்பீட்டுத் தேர்வு வருமா என்று கல்லூரி இன்னும் அறிவிக்கவில்லை. குன்றக்குடி ஐயா, மார்கழியில் எழுதி வாங்கும் அந்த விடுப்புக் கடிதத்தை முதல்வருக்கு எழுதுகிறீர்களா, துறைத்தலைவருக்கா?

மறுமொழி 6: குன்றக்குடியிலிருந்து

துறைத்தலைவருக்கு எழுதி, முதல்வருக்கு ஒரு நகல் கொடுத்துவிடுங்கள் அம்மா. பெற்றோர் கையெழுத்தும் அதில் இருக்கட்டும். தேர்வு அந்த நாளில் விழுந்துவிட்டால் பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பிவிட்டு நீங்களே நடந்துவிடுங்கள். எங்கள் வீட்டில் அப்படி ஓர் ஆண்டு என் தாயார் வாளி தூக்கினார்.