"நாவை அடக்க ஒரு மனுஷனாலும் கூடாது" என்பது விசாரணைக்குத் தடையா?

கல்லாறுவாசி:
மட்டக்களப்பில் சென்ற வாரம் நடந்த ஒரு வேதபாட வகுப்பில் சபை மூப்பர் ஒருவர், "நாவை அடக்க ஒரு மனுஷனாலும் கூடாது என்று யாக்கோபு 3:8 சொல்வதால், கோபத்தில் வாய்தவறிப் பேசியவரைச் சபை விசாரிக்கத் தேவையில்லை" என்று போதித்தார். அருகிலிருந்தவர்கள் ஆமென் சொன்னார்கள். என்னால் சொல்ல முடியவில்லை. தன் நாவை அடக்காதவனுடைய தேவபக்தி வீண் என்று யாக்கோபின் அதே நிருபம், அதாவது புதிய ஏற்பாட்டிலுள்ள அவருடைய கடிதம், 1:26இல் சொல்லியிருக்க, பேசியவர் தப்பித்துக்கொள்ள 3:8ஐ வாசலாக்கலாமா?

வாவிக்கரையான்:
ஒரு மூப்பரைப் பலர் முன்னிலையில் இழுத்து வைத்துக்கொண்டு நாவடக்கம் போதிக்கிறீர்கள். தனித்திருக்கையில் குற்றத்தை உணர்த்தும்படி மத்தேயு 18:15 சொல்கிறது; அதைச் செய்தீர்களா? வசனத்துக்கு வருகிறேன். மிருகங்கள், பறவைகள், ஊருவன, நீர்வாழ்வன எல்லாம் மனிதனால் அடக்கப்பட்டதுண்டு என்று ஏழாம் வசனம் சொல்லிவிட்டு, எட்டாம் வசனம் நாவை மட்டும் விலக்குகிறது. "ஒரு மனுஷனாலும் கூடாது." வேதம் அப்படியே நிற்கிறது.

அக்கரைப்பற்றுச் சகோதரன்:
கூடாது என்றால் செய்யக்கூடாது என்றல்லவா பொருள்? நாவை அடக்கவே கூடாதென்று ஓர் அப்போஸ்தலர் எழுதியிருப்பாரா?

வாவிக்கரையான்:
தம்பி, அது 1871ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பின் தமிழ். அங்கே கூடாது என்றால் இயலாது. "மனுஷனாலும்" என்ற சொல்லைக் கவனித்திருந்தால் இந்தச் சந்தேகம் வந்திராது. முதலில் நம்முடைய வேதாகமத்தின் தமிழைக் கற்றுக்கொண்டு வாதத்துக்கு வாருங்கள்.

புளியந்தீவு மாணவி:
ஐயா, சிக்கல் "கூடாது" என்பதில் இல்லை, "அடக்க" என்பதில் இருக்கிறது. கிரேக்க மூலத்தில் 1:26இலும் 3:2இலும் உள்ள வினைச்சொல் கடிவாளமிட்டு நடத்துவதைக் குறிப்பது; 3:7, 3:8 வசனங்களில் உள்ளது காட்டு விலங்கைப் பழக்கிச் சாதுவாக்குவதைக் குறிக்கும் வேறொரு வினைச்சொல். தமிழில் எல்லா இடங்களிலும் "அடக்கு" என்றே வருவதால் இரண்டும் ஒன்றெனத் தோன்றுகிறது. கடிவாளம் பூட்டியதால் குதிரை சாதுவாகிவிடுவதில்லை, ஆனாலும் அது ஒருவரை மிதித்தால் கடிவாளத்தைப் பிடித்திருந்தவரைத்தான் கேட்பார்கள்.

வாவிக்கரையான்:
பிள்ளை கிரேக்கம் படித்திருப்பது நல்லது. என் தாயார் கிரேக்கம் அறியாதவர். அறுபது வருடம் அந்தப் பழைய வேதாகமத்தை முழங்காலில் நின்று வாசித்தவர். அவருக்கு விளங்கிய "ஒரு மனுஷனாலும்" உங்களுக்கு விளங்கவில்லையா?

தாண்டவன்வெளி அன்பர்:
கத்தோலிக்கனாக ஒன்று சொல்ல அனுமதியுங்கள். எங்கள் மறைக்கல்வி நூலின் 2477ஆம் எண் அவசரத் தீர்ப்பு, புறங்கூறல், அவதூறு ஆகிய மூன்றையும் தனித்தனிக் குற்றங்களாகப் பிரிக்கிறது. 2487ஆம் எண்ணின்படி, கெடுத்த நற்பெயருக்கு ஈடுசெய்யும் கடமை பாவமன்னிப்புப் பெற்ற பின்னும் நீங்குவதில்லை. "யாகாவா ராயினும் நாகாக்க" என்று நம் வள்ளுவரும் சொன்னார்.

வாவிக்கரையான்:
வேதத்தைப் பற்றிய பேச்சில் குறளுக்கு என்ன வேலை? வள்ளுவர் காக்கச் சொன்னார், யாக்கோபு இயலாது என்கிறார். எங்கள் சபை விசாரணைக்கு உங்கள் மறைக்கல்வியும் வேண்டாம்.

கல்லாறுவாசி:
இனியும் மறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஒரு செத்த வீட்டில், பெட்டி இன்னும் வீட்டில் இருக்கும்போதே, என் தங்கையைப் பற்றி ஒருவர் ஒரு வார்த்தை சொன்னார். அது இரண்டு ஊர் தாண்டிப் போய், பேசி முடித்திருந்த அவளுடைய கலியாணம் நின்றது. நான் தனியாகப் போய்க் கேட்டேன். இரண்டு சாட்சிகளோடும் போனேன். அதன் பிறகே சபையிடம் முறையிட்டேன். மத்தேயு 18:15உடன் நிற்காமல் 16, 17ஆம் வசனங்களையும் வாசியுங்கள், அதே ஒழுங்கில்தான் நடந்தேன். கிடைத்த பதில் இந்த எட்டாம் வசனம் மட்டுமே.

வாவிக்கரையான்:
இப்போது வெளிவந்துவிட்டது. வேதத்தின் மேலுள்ள வைராக்கியமல்ல, வீட்டுக் கோபம். போன நிர்வாகத் தெரிவில் அந்த மூப்பருக்கு எதிராகக் கை உயர்த்தியவரும் நீங்கள்தானே?

கல்லாறுவாசி:
கை உயர்த்தினேன், அதற்காக வெட்கப்படவில்லை. என் தங்கையின் கண்ணீருக்கும் அந்தத் தெரிவுக்கும் என்ன தொடர்பு?

வாவிக்கரையான்:
தொடர்பு இருப்பதால்தான் கேட்கிறேன். மனிதர் நாவு கலங்கல்தான். நம்முடைய வாவியைப் பாருங்கள், முகத்துவாரம் திறந்தால் உப்பும் நன்னீரும் ஒன்றாகிறது.

புளியந்தீவு மாணவி:
வாவி ஊற்றல்ல, ஐயா. ஒரே ஊற்றுக்கண்ணிலிருந்து தித்திப்பும் கசப்பும் சுரக்குமா என்றுதான் பதினோராம் வசனம் கேட்கிறது. அதற்கு முந்திய வசனத்தில், துதித்தலும் சபித்தலும் ஒரே வாயிலிருந்து புறப்படுவதைச் சொல்லி, "என் சகோதரரே, இப்படியிருக்கலாகாது" என்கிறார் யாக்கோபு. நீங்கள் ஒவ்வொரு தடவையும் எட்டுடன் நிறுத்திவிடுகிறீர்கள்.

வாவிக்கரையான்:
பத்தாம் வசனத்தைப் பற்றி நான் பேசவே இல்லை. எட்டாம் வசனத்தில் "ஒரு மனுஷனாலும் கூடாது" என்று இருக்கிறதா, இல்லையா? அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

கல்லாறுவாசி:
அந்தச் செத்த வீட்டில் நீங்களும் இருந்தீர்கள், அண்ணன். அந்த வார்த்தையை உங்கள் காதும் கேட்டது. அதற்கு நீங்கள் பதில் சொல்லுங்கள்.

வாவிக்கரையான்:
நான் கேட்டது எட்டாம் வசனத்தைப் பற்றி.