சொந்தமாக பாராசூட் மடிக்கப் பயம்: எது குலைந்தால் பரவாயில்லை, எது குலையவே கூடாது?

நீலவெளி:
வணக்கம். அமெரிக்காவில் ஸ்கைடைவிங்கின் முதல் நிலை உரிமமான ஏ லைசென்ஸ் பயிற்சியில் இருக்கிறேன். இதுவரை பள்ளியின் பேக்கர்கள் மடித்துக் கொடுத்த ரிக்கில்தான் (பாராசூட்டும் அதன் உறையும் சேர்ந்த தொகுப்பு) குதித்தேன். இனி மெயின் (முதன்மை) பாராசூட்டை நானே மடிக்க வேண்டும். புரோ பேக் (தோளில் தொங்கவிட்டு மடிக்கும் முறை) வகுப்பு முடிந்தது, படிகள் எல்லாம் தெரியும். ஆனால் துணி பைக்குள் போவதற்குள் பாதி கலைந்துவிடுகிறது. கன்டெய்னரை (அந்தப் பையை வைத்து முதுகில் மாட்டும் உறை) மூடிய பிறகு உள்ளே என்ன ஆகியிருக்குமோ என்ற எண்ணம் விமானம் ஏறும் வரை போவதில்லை. எந்தத் தவறு ஆபத்து, எது வெறும் அழகுக் குறை என்று பிரித்துச் சொல்ல முடியுமா? கேனோபி (பாராசூட்டின் விரியும் துணி) நேவிகேட்டர் 240 மாடல்.

காற்றுத்திசை:
துணி சுருங்கியிருப்பதற்கும் மடிப்பு கோணலாக இருப்பதற்கும் கவலையே வேண்டாம். மூக்கு, அதாவது முன் விளிம்பு, வழியாகக் காற்று புகுந்தால் ராம்-ஏர் கேனோபி தானே விரிந்துகொள்ளும். கோணல் மடிப்பால் திறக்கும்போது கொஞ்சம் ஒரு பக்கம் திரும்பும், சில சமயம் லைன் ட்விஸ்ட் (கயிறுகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொள்வது) வரும். ரைசரை (கயிறுகளைத் தோள் பட்டையோடு இணைக்கும் நாடா) விரித்துப் பிடித்து உதைத்து அவிழ்த்துவிடலாம்.

குலையக் கூடாதவை இவை. முதலில் பிரேக் (கேனோபியின் பின் விளிம்பை இழுக்கும் கயிறு). பிரேக் லைனில் உள்ள கண்ணி கைட் ரிங்குக்கு (ரைசரில் உள்ள வளையம்) கீழே வரும் வரை இழுத்து, டாகிளின் (பிரேக் கைப்பிடி) முனையை அதில் முழுதாகச் செருகுங்கள். மிச்ச லைனையும் அதற்குரிய இடத்தில் செருக வேண்டும். தொங்கவிட்டால் அது டாகிளிலோ பக்கத்து லைனிலோ சுற்றி முடிச்சாகும். ஒரு பிரேக் மட்டும் கழன்றால், இன்னும் பிடித்திருக்கும் பக்கமாகக் கேனோபி திறந்த வேகத்திலேயே சுழலும்.

அடுத்து லைன். ரைசர் லிங்கில் (ரைசரும் கயிறுகளும் சேரும் இடம்) தொடங்கி, லைன் கூட்டங்களுக்கு நடுவே விரல்களை விட்டு ஸ்லைடர் (கயிறுகளில் சறுக்கி இறங்கும் துணி) வரை நடந்து போங்கள். விரல் எங்காவது சிக்கினால் அங்கே முறுக்கு இருக்கிறது என்று அர்த்தம். அதைச் சரி செய்யாமல் தோளில் போடாதீர்கள்.

ஸ்லைடர்தான் பலர் அசட்டையாக விடும் இடம். நான்கு கிரோமெட்டும் (கயிறுகள் போகும் உலோக வளையங்கள்) மேலே உள்ள ஸ்டாப்பில் (தடுப்பு) முட்டி நிற்க வேண்டும், துணி நான்கு பக்கமும் சமமாக வெளியே வந்திருக்க வேண்டும். வேகத்தைத் தணிப்பதே ஸ்லைடரின் வேலை. அது கீழே சரிந்திருந்தால் கேனோபி ஒரே அடியாக விரியும், கழுத்திலும் முதுகிலும் பலத்த காயம் ஏற்படலாம்.

டெய்லை (கேனோபியின் பின் விளிம்பு) சுற்றும் முன் இன்னொரு பார்வை: எல்லா லைனும் நடுவில், மூக்கு முன்னே, பிரேக் லைன்கள் பின்னே. ஒரு பிரேக் லைன் மூக்கைச் சுற்றி முன்னே வந்துவிட்டால் அதுதான் லைன் ஓவர். உதைத்துச் சரியாகும் கோளாறு அல்ல, பெரும்பாலும் கட் அவே (மெயினைக் கழற்றிவிடுவது) செய்ய வேண்டி வரும். எனக்குக் கேட்டால், உங்கள் பயம் முழுவதையும் இந்த ஒரு நிமிடத்தில் செலவழியுங்கள். மற்ற இடங்களில் கை வேகமாகப் போனாலும் தவறில்லை.

கடைசியாக பைலட் சூட் (மெயினை வெளியே இழுக்கும் சிறு பாராசூட்). உள்ளே ஓடும் கில் லைனை (அதைச் சுருக்கும் கயிறு) இழுத்து அதைக் காக் செய்ய (விரிய ஆயத்தமாக்க) மறந்தால், வெளியே வீசியதும் அது காற்றைப் பிடிக்காமல் வெறும் துணியாகப் பின்னால் இழுபடும். பிரைடிலில் (அதைப் பையோடு இணைக்கும் நாடா) சின்ன ஜன்னல் இருக்கும். காக் செய்திருந்தால் அதில் நிறம் தெரியும். பைக்குள் துணி போகும் முன் காக் செய்யுங்கள், கன்டெய்னரின் கடைசி ஃபிளாப்பை மூடும் முன் ஜன்னலை மறுபடி பாருங்கள்.

ரிக்_மேசை:
மேலே சொன்னது எல்லாம் சரி. பை விஷயம் மட்டும் நான் சொல்றேன், அங்கதான் புதுசா பேக் பண்றவங்க கை நடுங்கும்.

துணி வழுக்குறதுக்குக் காரணம் உள்ளே மாட்டின காத்து. டெய்லைச் சுத்தி உருட்டினதும் தரையில படுக்க வெச்சு, மேல படுத்து உடம்பு எடையால காத்தை நிதானமா வெளியேத்துங்க. அவசரமே வேண்டாம். பையோட அகலத்துக்கு ஒடுக்கி, எஸ் மாதிரி மடிச்சு, மடிப்பு மேல ஒரு முழங்காலை வெச்சுட்டே இருங்க. ஒரு மூலையைப் பைக்குள்ள முழுசா நுழைச்சப்புறம்தான் அடுத்த மூலை. இதெல்லாம் நடக்கும்போது லைன் தளரக் கூடாது. லைன் தளர்ந்தா ஸ்லைடர் இறங்கும்.

துணி பிதுங்கி வெளியே வந்துடுச்சுன்னா: மேல்பக்கத் துணி மட்டும்னா உள்ளே தள்ளுங்க, ஒண்ணும் ஆகாது. ஸ்லைடர் பக்கம் அவிழ்ந்திருந்தா, இல்ல அவிழ்ந்துச்சான்னு சந்தேகம் இருந்தா, மறுபடி தோள்ல போட்டு ஆரம்பிங்க. திணிச்சு மூடிட்டு மேல போய் யோசிக்கிறது தப்பு.

ரப்பர் பேண்டு: லைனை மடிச்சு பேண்டுல மாட்டுறதுதான் ஸ்டோ. பை வாயை மூடுற முதல் ஸ்டோக்கள்தான் லாக்கிங் ஸ்டோ. அவை எல்லாத்தையும்விட இறுக்கமா இருக்கணும். நைந்தது, விரிசல் விட்டது எதுவா இருந்தாலும் அப்பவே மாத்துங்க, பாக்கெட்ல நாலு பேண்டு எப்பவும் இருக்கட்டும். ஸ்டோ தளர்வா இருந்தா பை மேல போறதுக்கு முன்னாடியே லைன் மொத்தமா கொட்டும். அப்போ துணி வாய் திறந்து, அடிச்ச மாதிரி ஓபனிங் வரும். அதுக்காக அறுபடாத கயிறு எதையும் பேண்டுக்குப் பதிலா கட்டிடாதீங்க. சிக்கினா பேண்டு அறுபட்டு லைனை விடணும், இல்லைன்னா பை திறக்காமலே நிக்கும். ரெட்டைச் சுத்து போடலாமான்னு ஆளுக்கு ஒண்ணு சொல்வாங்க. உங்க கன்டெய்னர் கம்பெனி மேனுவல் சொல்றதைச் செய்யுங்க. கடைசி ஸ்டோவுக்கும் ரைசருக்கும் நடுவுல 18 முதல் 24 அங்குலம் லைன் ஸ்டோ பண்ணாம விடுங்க. ரொம்பக் குறைஞ்சா, கன்டெய்னரை விட்டுக் கிளம்பும்போதே பை ஒரு பக்கம் இழுபட்டுச் சுழலும்.

க்ளோசிங் லூப் (கன்டெய்னரை மூடிப் பின் செருகுற சின்னக் கயிறு): 10 சதவீதம் நைந்தது தெரிஞ்சாலே மாத்தணும். தளர்ந்த லூப்ல இருக்கிற பின் விமானக் கதவுல உரசினாலே வெளியே வந்துடும். கதவு திறந்திருக்கும்போது கேனோபி வெளியே போனா ஆபத்து உங்களுக்கு மட்டும் இல்ல, விமானத்துல இருக்கிற எல்லாருக்கும். புல்-அப் கார்டை (லூப்பை மேல இழுக்கிற நாடா) உருவும்போது பின்னுக்கு அடியில மெதுவா இழுங்க, வேகமா இழுத்தா உராய்வுல லூப் பொசுங்கும்.

மேகக்கரை:
"எப்படி மடித்தாலும் திறக்கும்" என்று பேக்கிங் தளத்தில் யாராவது சொல்வார்கள். துணிக்கு அது பொருந்தும். லைனுக்கும் பிரேக்குக்கும் பொருந்தாது. ஆறுதலுக்காக அதைப் பிடித்துக்கொள்ள வேண்டாம்.

உண்மையான ஆறுதல் ரிசர்வில் (மாற்றுப் பாராசூட்) இருக்கிறது. அமெரிக்க விதிப்படி மெயினை நீங்களே மடித்து நீங்களே குதிக்கலாம். ரிசர்வை உரிமம் பெற்ற ரிக்கர் (பாராசூட் தொழில்நுட்பர்) மட்டுமே, 180 நாளுக்குள் ஒருமுறை மடிக்க வேண்டும். உங்கள் கை படாத இரண்டாவது பாராசூட் முதுகில் எப்போதும் இருக்கிறது. அதனால் பேக்கிங் பயத்துக்குப் பாதி மருந்து கட் அவே பயிற்சி. மாணவர்களுக்கும் ஏ லைசென்ஸ்காரர்களுக்கும் முடிவெடுக்கும் உயரம் 2,500 அடி. கேனோபி அதற்குள் சரியாகாவிட்டால் கட் அவே, பிறகு ரிசர்வ். ஏ.ஏ.டி. (ரிசர்வைத் தானே திறக்கும் கருவி) இருக்கிறதே என்று காத்திருக்காதீர்கள். எக்ஸ்பர்ட் அமைப்பில் உள்ள சைப்ரஸ் என்ற ஏ.ஏ.டி. சுமார் 750 அடியில், மணிக்கு 78 மைலுக்கு மேல் வேகமாக விழுந்தால்தான் இயங்கும். பாதி திறந்த கேனோபியோடு அந்த வேகம் வராமலே போகலாம்.

இன்னொன்று, மடிக்கும்போது யாராவது பேச்சுக் கொடுத்தால் கையை நிறுத்துங்கள். மறுபடி தொடங்கும்போது விட்ட இடத்திலிருந்து தொடராமல், கடைசியாக உறுதி செய்த இடத்துக்குத் திரும்பிப் போங்கள். ஆரம்பத்தில் ஒரு மணி நேரம்கூட ஆகும். அடுத்த லோடில் (விமானச் சுற்றில்) பெயர் கொடுத்துவிட்டு மடிக்க உட்காராதீர்கள்.

நீலவெளி:
மிக்க நன்றி. ஒரே சந்தேகம்: தரையிறங்கி கேனோபியை வாரிக்கொண்டு வரும்போது கன்டெய்னர் லைனுக்குள் புகுந்து வெளியே வந்திருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது? விரல் விட்டு நடந்தாலும் எனக்கு நம்பிக்கை வரவில்லை.

ரிக்_மேசை:
பிரேக் லைனைத் தடம் பிடிங்க. ரெண்டு பக்கமும் கைட் ரிங்கிலிருந்து ஸ்லைடரின் பின் கிரோமெட் வரைக்கும், வேற எந்த லைனையும் சுத்தாம நேரா போகணும். கன்டெய்னர் உள்ளே புகுந்திருந்தா ரைசருக்கு மேலேயே லைன் கூட்டங்கள் ஒண்ணை ஒண்ணு சுத்தி நிக்கும். கன்டெய்னரை அதே வழியா திருப்பி விட்டா நேராகிடும். எந்த வழின்னு புரியலைன்னா இழுத்துப் பார்க்காம ரிக்கரைக் கூப்பிடுங்க.

நம்பிக்கை வர ஒரு வழி இருக்கு. மழையோ காத்தோ குதிக்க விடாத நாள்ல, பள்ளியில கேட்டு ஒரு ரிக்கை முழுசா பேக் பண்ணுங்க. அப்புறம் தரையில வெச்சு பின்னை எடுத்து, பிரைடிலைப் பிடிச்சு பையை மெதுவா வெளியே இழுங்க. லைன் ஒவ்வொரு ஸ்டோவா வரிசையா கழலுதா, லாக்கிங் ஸ்டோ கடைசி வரை பிடிச்சுதான்னு கண்ணாலேயே தெரியும். பிறகு பையைப் பிரிச்சு ஸ்லைடர் ஸ்டாப்பிலேயே நிக்குதான்னு பாருங்க. சரிஞ்சிருந்தா எஸ் மடிப்புல லைன் தளர்ந்திருக்கு, அங்க மட்டும் மாத்தி திரும்ப பேக் பண்ணுங்க.