மேரிலாந்தோட முன்னாள் அமெரிக்க செனட்டர் பார்பரா மிகல்ஸ்கி: நேர்ல பார்த்தவங்க, பார்க்காமலே அவங்க கொண்டு வந்த சட்டத்தோட வாழ்க்கையில மோதினவங்க எழுதுங்க

பால்டிமோர்_பாண்டி:
இடது கை விஷயம். பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு, இன்னும் குளிக்கும்போது ஞாபகம் வந்தா 'ச்சே'ன்னு வாய்விட்டுச் சொல்றேன்.

2012. நான் அப்ப பால்டிமோர் ஹோம்வுட் கேம்பஸ்ல இருக்கற விண்வெளி டெலஸ்கோப் இன்ஸ்டிட்யூட்ல போஸ்ட்டாக். ஹப்பிள் விண்வெளி டெலஸ்கோப் டேட்டா இருக்கற மாஸ்ட் காப்பகத்துக்கு அந்தம்மா பேரை வெச்ச வருஷம். அதுல 'எம்' முன்னாடி மல்டிமிஷன், அப்புறம் மிகல்ஸ்கி. சுருக்கத்தை மாத்தற வேலையே இல்லாம போச்சு! ஏன் வெச்சாங்கன்னு இங்க இருக்கறவங்களுக்குச் சொல்லணுமா? கொலம்பியா விண்வெளி ஓடம் விபத்துக்கு அப்புறம், 2004 ஜனவரியில நாசா ஹப்பிளை ரிப்பேர் பண்ற கடைசிப் பயணத்தை ரத்து பண்ணினப்ப விடாம மல்லுக்கட்டினவங்க. 2009ல அட்லாண்டிஸ் ஓடம் ரிப்பேர் பண்ணப் போச்சு. 2011ல ஜேம்ஸ் வெப் டெலஸ்கோப் பணத்துக்கு ஹவுஸ் கமிட்டி கத்தரி வெச்சப்பவும் காப்பாத்தினது இவங்கதான். எங்க பாதிப் பேர் சம்பளம் அதுல இருந்துதான்.

பேர் வெச்ச விழாவுக்கு அவங்க வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி ஒருத்தர் ஒரு பெட்டியைத் தூக்கிட்டு வந்து போடியத்துக்குப் பின்னால வெச்சார். காலால நகர்த்தி, மேல ஏறி நின்னு, ஆடுதான்னு பார்த்துட்டு இறங்கிப் போனார். ஸ்பீக்கர் ஏதோன்னு நினைச்சேன். அவங்க உயரம் நாலடி பதினோரு அங்குலம். பெட்டி இல்லைன்னா முடி மட்டும்தான் தெரிஞ்சிருக்கும்.

பேசி முடிச்சு, ஓரமா நின்னவங்களுக்குக் கை குடுத்துக்கிட்டே வந்தாங்க. என் வலது கையில மூடி இல்லாத காபி கப். வைக்க இடம் இல்லை. இடது கையை நீட்டிட்டேன். அவங்க கண்டுக்கவே இல்லை, தன் இடது கையாலேயே குலுக்கிட்டு அடுத்த ஆளுக்குப் போயிட்டாங்க. அம்மாகிட்ட போன்ல சொன்னேன். "காபியைக் கீழ ஊத்தியிருக்கலாமேடா"ன்னாங்க.

பெதஸ்தா_பெரியம்மா:
பாண்டி, நீயாவது கை கொடுத்தாய். நான் நடைபாதையில் நின்றதோடு சரி.

1990 செப்டம்பர். நான் என்.ஐ.எச்.சில், அதாவது அரசின் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில், சேர்ந்து இரண்டாவது வருடம். அந்த ஜூனில்தான் அரசுத் தணிக்கை அறிக்கை வந்திருந்தது. ஆராய்ச்சிகளில் பெண்களைச் சேர்க்க வேண்டும் என்று காகிதத்தில் விதி இருக்கிறது, யாரும் மதிக்கவில்லை என்று. ஆஸ்பிரின் மாரடைப்பைத் தடுக்குமா என்று 22,071 டாக்டர்களிடம் சோதித்துப் பார்த்தார்கள் இல்லையா, அத்தனை பேரும் ஆண்கள். மிகல்ஸ்கி, ஹவுஸ் உறுப்பினர்கள் பாட் ஷ்ரோடர், ஒலிம்பியா ஸ்னோ எல்லோரும் வளாகத்துக்கே வந்து இறங்கினார்கள். அந்த மாதமே பெண்கள் நல ஆராய்ச்சிக்கென்று தனி அலுவலகம் பிறந்தது. 1993இல் பெண்களைச் சேர்ப்பது சட்டமே ஆகிவிட்டது.

எனக்கு அன்று தூரத்தில் ஒரு குட்டை உருவமும் அதைச் சுற்றி ஏழெட்டு கோட்டு சூட்டும்தான் தெரிந்தது. திரும்பி லேபுக்குள் வந்தேன். எலிக்கூண்டுகள் வரிசையாக. ஒவ்வொன்றிலும் ஒரு அட்டை. ஆண், ஆண், ஆண். பாதி அட்டைகள் என் கையெழுத்து. பெண் எலி என்றால் ஹார்மோன் சுழற்சி கணக்கைக் கெடுக்கும் என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நானும் தலையாட்டியிருந்தேன், அதே வாரம் வலி தாங்காமல் மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தவள்! அந்த மாத்திரையை யாரிடம் சோதித்தார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

நாகை_2008:
எல்லாரும் ஆரத்தி எடுக்கறீங்க. நான் 2008ல எச்1பி வேலை விசால வந்தவன். எங்க கிரீன் கார்டு வரிசைக்கு அவங்க என்ன பண்ணினாங்க? நாட்டுக்கு ஏழு சதவீதம்னு வெச்ச பூட்டு அப்படியேதான் தொங்குது. ஆனா நண்டு உரிக்க ஆள் வேணும்னா மட்டும் 2005ல சட்டம் வந்துச்சு. எச்2பிங்கற சீசன் வேலை விசா வருஷத்துக்கு 66,000தான், ஆனா முன்னாடி வந்து போனவங்க அந்தக் கணக்குல சேர மாட்டாங்கன்னு. 2007ல அது காலாவதி ஆச்சு, 2016க்கு மறுபடி பிடிச்சு இழுத்துட்டு வந்தாங்க.

இந்தக் கடுப்போடதான் ஒரு கோடையில மேரிலாந்து ஹூப்பர்ஸ் தீவுப் பக்கம் போனேன். நண்டுன்னா நமக்குத்தான் தெரியுமே. (இங்க நண்டு ஓட்டு மேல ஓல்ட் பே மசாலா தூவறாங்க, உள்ள ஒரு பொட்டு ஏறாது. அதைப் பத்தி தனியா எழுதணும்.) உரிக்கற கொட்டகையை எட்டிப் பார்த்தேன். நீள மேசை, மலை மாதிரி வெந்த நண்டு, சுத்தி மெக்சிகோப் பொம்பளைங்க. குட்டைக் கத்தியால ஒரு குத்து, ஒரு திருப்பு, சதை முழுசா டப்பாவுல. எங்க ஆத்தா தோத்துடும். ஓனர் தாத்தா மிகல்ஸ்கியை 'பார்ப்'னுதான் சொன்னார், பக்கத்து வீட்டுப் பொண்ணு மாதிரி. அவங்க இல்லைன்னா கொட்டகையை மூடியிருப்பாராம்.

வெளிய தண்ணி குடிக்க வந்த ஒரு அம்மா போனைக் காட்டினாங்க. மூணு புள்ளைங்க. வருஷத்துல எட்டு மாசம் பாட்டிகிட்டதானாம். விரல் பூரா வெட்டு. அதுக்கப்புறம் முழுசா கோவப்படவும் முடியல, விடவும் முடியல.

எக்ஸ்ரே_செல்வி:
நாகை, உங்க வரிசை வலி புரியுது. ஆனா ஒரு செனட்டர் எதுக்கெல்லாம் நின்னாங்கன்னு பார்க்க என் ரூமுக்கு வாங்க.

நான் மேமோகிராம், அதாவது மார்பக எக்ஸ்ரே, டெக்னாலஜிஸ்ட். எங்க சுவத்துல ஒரு சர்டிஃபிகேட் தொங்கும். அது இல்லாம மெஷினைத் தொடக்கூடாது. 1992ல வந்த சட்டம், அவங்க முன்னால நின்னு கொண்டு வந்தது. அதுக்கு முன்னாடி நாடு முழுக்க ஒரே தரம்னு ஒண்ணு கிடையாது. நாங்க மெஷினைச் சோதிக்க ஒரு சின்ன பிளாஸ்டிக் பிளாக்கை, சோப்பு சைஸ்ல இருக்கும், படம் எடுத்துப் பார்ப்போம். அதுக்குள்ள நார், புள்ளி, கட்டி எல்லாம் ஒளிச்சு வெச்சிருக்கும். நான் படிச்ச காலத்துல குறைஞ்சது 4 நார், 3 புள்ளிக் கூட்டம், 3 கட்டி கண்ணுக்குத் தெரியணும். தெரியலைன்னா அன்னிக்குக் கடை மூடல்.

அனுபவம்னா இதுதான். 2014னு நினைக்கறேன், மளிகைக் கடையில வேலை பார்க்கற ஒரு தமிழ் அக்கா வந்தாங்க. கவுனை மாட்டிக்கிட்டும் கைப்பையை விடல, நெஞ்சோட கட்டிப் பிடிச்சிருந்தாங்க. "எவ்ளோ ஆகும்மா?" இன்சூரன்ஸ் இருக்கில்லக்கா, ஒண்ணும் ஆகாதுன்னேன். நம்பல. மறுபடி கேட்டாங்க. நாலு வருஷமா காசுக்குப் பயந்து வராம இருந்திருக்காங்க. பையை வாங்கி நாற்காலியில வெச்சப்ப லேசாதான் இருந்தது.

எலிகாட்சிட்டி_குமார்:
காசு வாங்காதது ஒபாமாவோட ஹெல்த் இன்சூரன்ஸ் சட்டம் மேடம். எல்லாத்தையும் ஒருத்தர் கணக்குல எழுதாதீங்க. நான் 2015 மார்ச்ல பால்டிமோர் ஃபெல்ஸ் பாயிண்ட்ல குடியிருந்தேன். அவங்க ரிட்டயர் ஆகறேன்னு அங்க வந்து அறிவிச்ச அன்னிக்கு டிவி வண்டியா நின்னு எனக்கு பார்க்கிங் கிடைக்கல. என் அனுபவம் அவ்ளோதான். கீழ் வீட்டுக் கிழவர் மட்டும் வாசல்ல நின்னு, 'இந்தத் தெருவே அவளால இருக்கு'ன்னு யார்கிட்டயோ சொல்லிட்டிருந்தார். அறுபதுகள் கடைசியில இந்தப் பேட்டை வழியா ஹைவே போட இருந்தாங்களாம், இவங்கல்லாம் சேர்ந்து நிறுத்தியிருக்காங்க. அந்தச் சங்கத்தோட பேரைச் சுருக்கினா 'ஸ்கார்', தழும்பு. ஹைவே வந்திருந்தா பார்க்கிங்காவது கிடைச்சிருக்கும்.

எக்ஸ்ரே_செல்வி:
குமார் சார், ஒபாமா சட்டம்தான். அதுக்குள்ள பெண்களுக்கான தடுப்புச் சிகிச்சைக்குக் கைக்காசு வாங்கக்கூடாதுங்கற திருத்தம் யாரோடது? மிகல்ஸ்கி திருத்தம்னே பேரு. 2009 டிசம்பர் 3, செனட்ல 61க்கு 39 ஓட்டு. அதுக்கு ரெண்டு வாரம் முன்னாடிதான் நாப்பதுகள்ல இருக்கறவங்களுக்கு வழக்கமா மேமோகிராம் வேண்டாம்னு ஒரு நிபுணர் குழு சொல்லி ஊரே ரெண்டுபட்டிருந்தது. அதே வருஷம் ஜனவரியில ஒபாமா முதல்ல கையெழுத்துப் போட்ட லில்லி லெட்பெட்டர் சமச் சம்பளச் சட்டத்தையும் செனட்ல கொண்டு வந்தது இவங்கதான். உங்க பார்க்கிங்குக்கு என் அனுதாபம்.

கேட்டன்ஸ்வில்_சிவா:
சண்டையை விடுங்கோ. நான் ஒரு நேர்சிங் ஹோமிலை சோஷல் வேர்க்கர். அவவும் அரசியலுக்கு வர முதல் இதே வேலைதான் செய்தவ, இதே பால்டிமோரிலை.

டண்டாக் பக்கத்து மனிசி ஒராள் வந்தா. புருஷனுக்கு அல்சைமர், இனி வீட்டிலை வைச்சுப் பாக்கேலாது. மெடிக்கெய்ட், வசதி இல்லாதாக்களுக்கான அரசாங்க மருத்துவ உதவி, எடுக்கோணும் எண்டால் கையிலை இருக்கிறதைச் செலவழிச்சு முடிக்கோணும் எண்டு ஆரோ சொல்லிப்போட்டினம். பாண் வாற பிளாஸ்டிக் பை ஒண்டு கொண்டு வந்தவ. அதுக்குள்ளை பாங்க் புத்தகம், வீட்டு உறுதி, ரண்டு மோதிரம். எல்லாத்தையும் மேசையிலை அடுக்கி என்ரை பக்கம் தள்ளினா. வாங்கிக்கொள்ளுங்கோ எண்ட மாதிரி.

1988க்கு முன்னம் கிட்டத்தட்ட அப்பிடித்தான். வீட்டிலை மிஞ்சிற ஆள் நடுத்தெரு. மிகல்ஸ்கியின்ரை தகப்பனுக்கும் அல்சைமர், அவரும் நேர்சிங் ஹோமிலை இருந்தவர். அதிலை பட்டுத்தான் வீட்டிலை மிஞ்சிற ஆளைக் காப்பாத்திற சட்டம் கொண்டு வந்தவ. அது இன்னொரு பெரிய சட்டத்துக்குள்ளை போனது. அந்தப் பெரிய சட்டத்தை அடுத்த வருஷமே தூக்கிப்போட்டினம், இது மட்டும் தப்பிச்சுது. வீடும் சேமிப்பிலை ஒரு பங்கும் அந்த மனிசிக்கே எண்டு சொல்ல எனக்கு அரை மணித்தியாலம் எடுத்தது. மோதிரத்தைத் திருப்பிப் போட அவவுக்கு விரல் வீங்கி ஏறேல்லை. பேந்து பையுக்குள்ளைதான் போட்டவ.

சட்டத்தரணி_மாமா:
நான் ஒருமுறை அவரை லிஃப்டில் பார்த்தேன். குட்மார்னிங் சொன்னேன். அவரும் சொன்னார்.

அது கிடக்கட்டும், நாகை தம்பிக்குச் சில விஷயம். செனட்டர் யாராக இருந்தாலும் வரிசையைக் குறைக்க அவர் ஆபீசால் முடியாது. சிக்கிக் கிடக்கிற கேஸைத் தட்டிவிட முடியும், அவ்வளவுதான். அதற்கு நீங்கள் குடிமகனாக இருக்க வேண்டியதில்லை, அந்த மாநிலத்தில் குடியிருந்தால் போதும். முதலில் அவர்கள் தளத்தில் இருக்கும் தனியுரிமை ஒப்புதல் படிவத்தைப் பூர்த்தி செய்யுங்கள். அது இல்லாமல் உங்கள் கோப்பைப் பற்றி யாரும் வாய் திறக்க மாட்டார்கள். கையெழுத்து மறந்துவிடாதீர்கள், பாதிப் பேர் மறக்கிறார்கள். ரசீது எண்ணை மேலேயே எழுதுங்கள். கதை ஒரு பக்கம், அதற்கு மேல் வேண்டாம். உங்கள் ஊர்ப் பெருமை, படித்த காலேஜ் எல்லாம் வேண்டாம். வாஷிங்டனுக்குத் தபால் அனுப்பாதீர்கள், 2001இல் தபாலில் ஆந்த்ராக்ஸ் கிருமி வந்த விவகாரத்துக்குப் பிறகு அங்கே போகிற தபாலைச் சோதித்துக் கதிர்வீச்சு அடித்துத்தான் உள்ளே விடுகிறார்கள், காகிதமே அப்பளம் மாதிரி ஆகிவிடும். மாநில ஆபீசுக்குக் கொடுங்கள். அங்கே கேஸ் பார்க்கிறவர் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த முறை அவரையே கேளுங்கள், மரியாதையாக. முக்கியமாக ஒரு நேரத்தில் ஒரு ஆபீஸ்தான். செனட்டரிடமும் ஹவுஸ் உறுப்பினரிடமும் சேர்த்துக் கொடுத்தால், அவர் பார்க்கிறார் என்று இவரும் இவர் பார்க்கிறார் என்று அவரும் விட்டுவிடுவார்கள்.

பால்டிமோர்_பாண்டி:
மாமா, லிஃப்ட் கதை ரெண்டு வரி, கேக்காத அட்வைஸ் ஒரு பக்கமா! எந்த லிஃப்ட், எந்த வருஷம், அதைச் சொல்லுங்க.

நாகை_2008:
பாண்டி கொஞ்சம் பொறுங்க. மாமா, போன மாசம் ரெண்டு ஆபீஸ்லயும் ஒரே நாள்ல குடுத்துட்டேன். கையெழுத்து போட்டேனான்னும் ஞாபகம் இல்லை. இப்ப யாருக்கு போன் பண்ணட்டும்?