கம்பெனி திவால், அப்பாவோட சம்பள பாக்கிக்கு உதவி வேணும்

பெங்களூரு தமிழ் மக்களே, எங்க அப்பா பீன்யால ஒரு கம்பெனில லேத் ஓட்டறவரு, மாசக்கணக்கா சம்பளம் வரல, இப்போ என்சிஎல்டில (கம்பெனி கேஸ் பாக்கற தீர்ப்பாயம்) திவால் கேஸ் அட்மிட் ஆகி கேட்ல நோட்டீஸ் ஒட்டிட்டாங்க. சம்பள பாக்கி கேக்கறதுக்கான ஃபார்ம் டி-ல க்ளெய்ம் போடணும்னு தெரியும். கம்பெனிய கலைச்சு வித்தா தொழிலாளியோட 24 மாச பாக்கி, அடமானம் வச்சிருக்கற பேங்க்கோட சமமா வரிசைல நிக்கும், திவால் சட்டம் 53வது செக்‌ஷன்ல இருக்கு. பிரச்சனை என்னன்னா ஐடி கார்டுல 'சூப்பர்வைசர்'னு போட்டிருக்காங்க, கை நிறைய கிரீஸோட மெஷின்ல நின்ன மனுஷன் அவரு, தொழிலாளி இல்லைன்னுட்டா 12 மாசம்தான், அதுவும் பேங்க்குக்கு அப்புறம்தான். இது அநியாயம்ங்க. ஷிப்ட் ரிஜிஸ்டர், ஜாப் கார்டு காப்பி இதெல்லாம் சேர்த்துக் குடுத்தா எடுத்துப்பாங்களா? இந்த மாதிரி க்ளெய்ம் போட்டவங்க, தமிழ் பேசற வக்கீல் யாராவது தெரிஞ்சா சொல்லுங்க, க்ளெய்ம் போட 90 நாள் கெடு ஓடிட்டிருக்கு.