டெலிமான் பாரிஸ் குவார்டெட்: நடு பார்ட் காம்பாவுக்கா, செல்லோவுக்கா?

குடல்தந்தி:
நேத்து ராத்திரி ஜெர்மன் இசையமைப்பாளர் டெலிமானோட ஈ மைனர் குவார்டெட் (நாலு பார்ட் இசை) கேட்டேன், 1738ல பாரிஸ்ல வந்த ஆறுல கடைசி. ப்ளூட், வயலின், காம்பா (கால் நடுவுல வச்சு வில்லால வாசிக்கற பழைய தந்தி வாத்தியம், வியோல்னும் சொல்வாங்க) மூணும் சரிசமமா பேசிக்கணும், அடியில நாலாவது பார்ட்ட ஹார்ப்சிகார்டும் (பியானோவுக்கு முந்தின கீபோர்டு) பேஸ் வாத்தியமும் சேந்து தாங்கணும், அதான் இதோட உயிரே. வாசிச்சவங்க காம்பாவ எடுத்துட்டு செல்லோ (வயலின் குடும்பத்து பெரிய வாத்தியம்) போட்டிருக்காங்க, அடியில பேஸுக்கும் இன்னொரு செல்லோ, ரெண்டும் ஒரே குரல், யார் என்ன சொல்றாங்கன்னு பிரிச்சு கேக்கவே முடியல. இதுக்கு செல்லோ வேணாங்க.

செல்லோமாணவன்:
ஒத்துக்க மாட்டேன். டைட்டில் பக்கத்துலயே வியோல் "அல்லது செல்லோ"ன்னு அச்சடிச்சிருக்கு. செல்லோவுக்குன்னு தனி பார்ட்டும் எழுதி சேத்து குடுத்திருக்கார். எழுதினவரே சரின்னு சொன்னத நாம தப்புன்னு சொல்ல யாரு?

குடல்தந்தி:
அது விக்கறதுக்காக போட்டது. முதல் ஆறு குவார்டெட்ட 1730ல ஹாம்பர்க்ல அவரே வெளியிட்டாரு, அத பாரிஸ்ல லெ கிளெர்க்ங்கற பதிப்பாளர் 1736ல அவர கேக்காமயே அச்சடிச்சு வித்தாரு. மறுவருஷம் டெலிமான் பாரிஸ் போய், 20 வருஷத்துக்கு அச்சடிக்கற உரிமைய ராஜாகிட்ட வாங்கி இந்த புது ஆற தானே போட்டாரு. சொந்த காச போடறவரு வாங்கற ஆள் குறையக்கூடாதுன்னுதான பாப்பாரு? ஆனா அங்க அவர் காதால கேட்டது யார்னு பாருங்க: ப்ளூட் ப்ளாவே, வயலின் கினியோன், காம்பா ஃபோர்க்ரே மகன், செல்லோ எதுவார். நாலு பேரையும் தன் வாழ்க்கை வரலாறுல பேரோட பாராட்டியிருக்கார். செல்லோ இருந்தும் நடு பார்ட்ட காம்பாதான் வாசிச்சிருக்கு.

செல்லோமாணவன்:
அந்த நாலு பேர் வாசிச்ச மாதிரி உலகத்துல எத்தன பேர் வாசிக்க முடியும்? முன்பணம் கட்டி வாங்கினவங்க லிஸ்ட்ல லைப்ஜிக் ஊர் இசையமைப்பாளர் பாக் பேரே இருக்கு, ஊர் ஊரா வீட்டுல இருக்கற வாத்தியத்த வச்சு வாசிக்கத்தான அச்சடிச்சது? நான் நேர்ல ஒரு காம்பாவ பாத்ததே இல்ல. செல்லோ கூடாதுன்னா என்ன மாதிரி ஆளுங்க இத தொடவே கூடாதா?

மரக்குழல்:
நடுவுல வரேன், மன்னிக்கணும். ரெண்டு பேரும் ப்ளூட்ட மறந்துட்டீங்க. அன்னிக்கு ப்ளூட் மரம், ஆறு ஓட்டை, ஒரே ஒரு சாவி (விரலால அழுத்தற மூடி). சில ஸ்வரம் மூடின மாதிரி மெல்லிசாத்தான் வரும். அது பக்கத்துல ஸ்டீல் கம்பி செல்லோ நின்னா ப்ளூட் செத்துடும், அதே செல்லோல குடல் தந்தி (மிருகக் குடல்ல செஞ்சது) போட்டு வாசிச்சா நல்லாவே சேருது. சண்ட வாத்தியத்துல இல்ல, தந்தியிலதான்.

குடல்தந்தி:
தந்தி பாதிதான். காம்பா வில்ல உள்ளங்கை மேல பாக்க புடிப்பாங்க, விரலாலயே வில்லு மயிர அழுத்துவாங்க, அழுத்தம் விழறது தள்ளற வில்லுல. செல்லோல அது இழுக்கற வில்லுல விழும். ஒரே வரிய ரெண்டுலயும் கேட்டா வார்த்தைய பிரிக்கற இடமே மாறிடும்.

செல்லோமாணவன்:
இது நியாயமான பாயிண்ட். போன மாசம் கடைசி மூவ்மெண்ட்ட, அந்த ஷக்கோன் (பழைய நடன வடிவம்), காம்பா பார்ட்ட வச்சே செல்லோல வாசிச்சு பாத்தேன், மேல் ஸ்வரத்துக்கு போக போக கட்டவிரல் பொசிஷன்ல (கட்டவிரலையும் தந்தி மேல வச்சு வாசிக்கறது) கை இறுகி சத்தம் கத்தலா போச்சு, ப்ளூட் வாசிச்ச அக்கா நிறுத்திட்டு என்னையே பாத்தாங்க. அந்த மூவ்மெண்ட்ட காம்பாவுக்கே விட்டுடறேன். மத்தத விட மாட்டேன், அவர் எழுதின செல்லோ பார்ட்ட எடுத்து வில்ல லேசா வச்சு மறுபடி வாசிக்கப் போறேன், ரெக்கார்டிங் இங்கயே போடறேன், கேட்டுட்டு சொல்லுங்க.

குடல்தந்தி:
போடுங்க தம்பி. அடியில பேஸுக்கு செல்லோ வேணாம், ஹார்ப்சிகார்ட் மட்டும் வச்சுப் பாருங்க.