புதுப்பிப்பு: ரெய்டிலிருந்து கழன்றுகொண்ட டிஸ்க்
மூன்று 4 டிபி டிஸ்க் போட்ட ரெய்டு 5-இல் (ஒரு டிஸ்க் போனாலும் தகவல் தப்பும்படி பல டிஸ்குகளை ஒன்றாகச் சேர்க்கும் முறை) ஒன்று மட்டும் அடிக்கடி கழன்றுகொள்கிறது, புதிது வாங்கவா என்று போன வாரம் கேட்டிருந்தேன். வாங்கவில்லை.

டிஸ்க் தன் நிலையைத் தானே பதிவுசெய்யும் ஸ்மார்ட் அறிக்கையில், மாற்றப்பட்ட செக்டர் (பழுதாகி, மாற்று இடம் ஒதுக்கப்பட்ட பகுதி) பூஜ்யம். 199 என்ற எண்ணுள்ள வரியில் சிஆர்சி பிழை (அனுப்பிய தகவல் சிதைந்து வந்த தடவைகள்) மட்டும் 312. அதாவது தகவல் கெடுவது டிஸ்கில் அல்ல, வரும் வழியில். பெட்டியைத் திறந்தால், டிஸ்கைக் கணினியுடன் இணைக்கும் சாட்டா கேபிள் ஃபேனுக்குப் பின்னால் மடங்கி, கிளிப் உடைந்து கிடக்கிறது. இதற்கா இத்தனை பாடு!

கேபிளை மாற்றி, எம்டிஅட்மினில் (லினக்ஸில் ரெய்டை நிர்வகிக்கும் கட்டளை) டிஸ்கைத் திரும்பச் சேர்த்தேன். அதில் தகவலை மீண்டும் நிரப்பும் ரீபில்டுக்கு ஏழரை மணி நேரம். நடுவில் இன்னொன்று போனால் எல்லாம் போச்சு என்பதால், குடும்பப் படங்களை முன்பே வெளி டிஸ்கில் நகலெடுத்துவிட்டேன். இப்போது ரெய்டின் நிலையைக் காட்டும் எம்டிஸ்டாட்டில் மூன்று ‘யு’வும் தெரிகிறது, அதாவது மூன்று டிஸ்கும் சரியாக இயங்குகின்றன. அந்த 312 இதுவரையிலான மொத்தக் கணக்கு என்பதால் குறையாது. ஆனால் நான்கு நாளாகக் கூடவும் இல்லை.